ஒரு வளவில் இரண்டு குசினி

சிவமயம்

பண்டத்தரிப்பு
18.01.2024

அன்புள்ள அண்ணைக்கு,

பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்த கையோடு எழுதுகிறேன். நானும் உங்கள் மச்சானும் சுகம், என் முழங்காலையும் அவருடைய வாயையும் தவிர. மச்சாளின் பிறஷர் எப்படி? உங்கள் காது மெஷின் இப்போதாவது வேலை செய்கிறதா? போனில் கதைத்தால் உங்களுக்குக் கேட்காது. உங்கள் மகளின் போனுக்கு அனுப்பினால் அவள்தான் முதலில் வாசிப்பாள். இது அவளுக்கு உரிய கதையில்லை. அதனால்தான் தபால்.

இவருக்கு வருகிற வைகாசியில் அறுபது. தோட்டம் செய்கிற கமக்காரருக்கான ஓய்வூதியத்துக்கு முந்திக் கட்டிவந்த பணத்துக்கு இனி மாதாமாதம் ஏதோ கொஞ்சம் வருமாம். தொகை பெரிதில்லை. ஆனால் ஆளின் நடையே மாறிவிட்டது. "இனி நானும் பென்சன்காரன்" என்று சந்தியில் நிற்கிறவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிகிறார்.

சிக்கல் என்னவென்றால், குடும்ப நிவாரணக் கொடுப்பனவு என் பெயரில் வருகிறது. ஓய்வூதியம் எடுக்கிற ஆள் உள்ள குடும்பத்துக்கு அது நின்றுவிடும் என்று எங்கள் பகுதிக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் தக்சாயினி வந்து சொன்னாள். நல்ல பிள்ளை. "ரெண்டுபேரும் கதைச்சு எது வேணுமெண்டு முடிவெடுங்கோ" என்றாள். நாங்கள் கதைத்தோமா? அவள் கதிரையை விட்டு எழும்புவதற்குள் இவர், "இதிலை கதைக்க என்ன கிடக்கு, பென்சன்தான்" என்று முடித்துவிட்டார். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன்.

அண்ணை, கலியாணம் கட்டின நாளிலிருந்து கிளினிக்குக்குப் போகப் பஸ் காசுக்கும் இந்த மனிதருக்கு முன்னால் கைநீட்டி நின்றவள் நான். தோட்டத்தில் இவரோடு சரிக்குச் சரி வெங்காயம் நட்டேன், புல்லுப் பிடுங்கினேன், பிடி கட்டினேன். விற்ற காசு இவரின் சட்டைப் பைக்குள். கேட்டால், "போன கிழமைதானே தந்தனான், அதுக்குள்ளை என்ன செய்தனீ?" கொடுப்பனவு என் வங்கிப் புத்தகத்தில் விழத் தொடங்கிய பிறகுதான் ஒருவரையும் கேட்காமல் பஸ் ஏறுகிறேன். அது நின்றால் திரும்பவும் கைநீட்ட வேண்டும். அது என்னால் ஏலாது. பசி கிடந்தாலும் கிடப்பேன், அது ஏலாது.

நீங்கள் கச்சேரியில் ஓய்வூதியப் பகுதியில் உத்தியோகம் பார்த்தவர். ஒரு வழி சொல்லுங்கள்.

மச்சாளை உப்புக் குறைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி,
கலா


பிள்ளையார் துணை

உவர்மலை, திருகோணமலை
02.02.2024

அன்புத் தங்கச்சி கலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மச்சாளுக்குப் பிறஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எனக்கு மெஷின் போட்டால் காகம் கரைவது மட்டும் துல்லியமாகக் கேட்கிறது, மனிதர் கதைப்பது கேட்கவில்லை. பெரிய நட்டமில்லை.

கோபத்தை ஓரமாக வை. நான் வேலையில் இருந்த காலத்தில் எத்தனை சோடிகள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று இப்படிச் சண்டை பிடித்திருக்கிறார்கள் தெரியுமா? ஓய்வூதியத்தை விட்டால் உன் மனிசன் சண்முகத்துக்குச் சாகும்வரை மனக்குறை. கொடுப்பனவை விட்டால் உனக்குக் கஷ்டம். இரண்டையும் விடாதிருக்க ஒரு வழி உண்டு. கவனமாக வாசி.

கொடுப்பனவு ஆளுக்கில்லை, குடும்பத்துக்கு. குடும்பம் என்றால் ஒரு குசினியில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். ஒரு வளவுக்குள் இரண்டு குசினி புகைந்தால் அது இரண்டு குடும்பம். அப்படித்தான் பார்ப்பார்கள். ஆகவே நீங்கள் இருவரும் வேறு வேறாக இருப்பதாகப் பதிந்துவிட்டால், அவர் தன் ஓய்வூதியத்தை எடுக்கலாம், நீ உன் கொடுப்பனவைத் தொடர்ந்து எடுக்கலாம். கணவனால் கைவிடப்பட்டவர் என்று நீ விண்ணப்பிக்க வேண்டும். அந்த வகைக்கு முன்னுரிமையும் உண்டு.

எல்லாம் கடதாசியில்தான். வீட்டுக்குள் ஒன்றும் மாறப்போவதில்லை.

யோசித்து எழுது. முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவு.

அண்ணை


சிவமயம்

பண்டத்தரிப்பு
14.02.2024

அண்ணைக்கு,

நீங்களும் மச்சாளும் சுகம் என்று நம்புகிறேன். நான் சுகமில்லை. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து சுகமில்லை.

கைவிடப்பட்டவள்! எந்த நாளில் என்னைக் கைவிட்டார்? நேற்றும் சொதிக்குப் புளி காணாது என்று என்னோடு சத்தம் போட்டுவிட்டுத்தானே இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். கைவிட்டவர் இப்படியா சாப்பிடுவார்? கொடுப்பனவு எடுக்கிறவர்களின் பட்டியலை வகையும் போட்டு அலுவலகச் சுவரில் ஒட்டுவார்கள், தெரியும்தானே. ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லட்டும் என்று ஊர் முழுக்க வாசிக்க விடுவார்கள். கோயிலுக்குப் போனால் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். இவரை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கைவிட்டவர் என்று ஆம்பிளைக்கு ஒரு பட்டியல் எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா? பென்சன் அவருக்கு, பட்டம் எனக்கு. நல்ல பங்கு பிரித்தீர்கள் அண்ணை.

நான் இவரிடம் கேட்டேன். "உங்கடை பென்சனை விட்டால் என்ன? கொடுப்பனவு அதைவிடக் கூடத்தானே?" என்றேன். சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் தள்ளிவிட்டு எழும்பினார். "அப்ப நான் பெஞ்சாதியின்ரை காசிலை சீவிக்கிறதோ? ஊரிலை தலை காட்டேலுமோ?" என்றார். நான் இவ்வளவு காலமும் புருஷனின் காசில் சீவித்தேன் என்று யாரும் என்னிடம் தலை காட்டேலுமோ என்று கேட்கவில்லை. வெங்காயம் பாதி என் முதுகில் விளைந்தது என்பதையும் கேட்கவில்லை.

வேறு வழி இருந்தால் சொல்லுங்கள். இது வேண்டாம்.

கலா


பிள்ளையார் துணை

திருகோணமலை
25.02.2024

கலா,

இங்கு எல்லோரும் நலம்.

வேறு வழி கிடையாது. உணர்ச்சிக்குக் கொடுப்பனவு தருகிற திணைக்களம் இந்த நாட்டில் இன்னும் திறக்கவில்லை. ஊர் இரண்டு நாள் கதைக்கும், மூன்றாம் நாள் வேறு வீட்டைக் கதைக்கும். சண்முகத்துக்கும் நான் எழுதினேன். அவர் சம்மதம் என்று மறுமொழி அனுப்பிவிட்டார். நீதான் முறுகுகிறாய்.

அவருடைய ஓய்வூதியம் ஆனியில் தொடங்கும், அதற்கு முன் செய்ய வேண்டும். பிந்தினால் இரண்டும் போகும்.

அண்ணை


சிவமயம்

பண்டத்தரிப்பு
20.03.2024

அண்ணைக்கு,

சுகம் விசாரிக்க இன்று மனம் வரவில்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன், மச்சாளுக்காக.

நீங்கள் இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் கடிதம் எழுதி என் வாழ்க்கைக்கு முடிவெடுத்திருக்கிறீர்கள். சரி. அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

போன செவ்வாய் கிளினிக்கால் வந்து பார்த்தால் என் பாய், தலையணை, இரண்டு சட்டி, அகப்பை எல்லாம் வெங்காயக் கொட்டிலுக்குள் இருக்கின்றன. மூலையில் மூன்று கல்லு வைத்துக் களிமண் பூசிப் புது அடுப்பு. இவர் கையில் மண்ணோடு நின்று சிரிக்கிறார். "உன்ரை குசினி றெடி. பகலிலை இதிலை நிண்டு சமை. ஆக்கள் பார்க்கட்டும்" என்றார்.

நான் பையைக் கீழே வைத்துவிட்டு, "இது ஆற்றை வீடு?" என்று கேட்டேன்.

"என்ன கேள்வி? எங்கடை வீடு."

"எங்கடை இல்லை. என்ரை வீடு. அப்பா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. நீங்கள் இந்தப் படலைக்குள்ளை வரேக்கை ஒரு சூட்கேசும் ஒரு சைக்கிளும்தான் கொண்டு வந்தனீங்கள். ரெண்டு குசினி வேணுமெண்டால் கொட்டில் ஆருக்கு?"

அண்ணை, உங்களையும் கேட்கிறேன். சீதன உறுதியில் சாட்சிக் கையெழுத்து வைத்தது நீங்கள்தானே? யாழ்ப்பாணத்தில் பெண்ணைக் கட்டுகிறவன் பெண்ணின் வீட்டில்தான் வந்து இருக்கிறான். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு புத்திசாலிகள் சேர்ந்து குடும்பத்தைப் பிரித்தீர்கள், வீடு யாருடையது என்பதை மட்டும் மறந்துபோனீர்கள். கைவிடப்பட்டவள் என்றால் வீட்டை விட்டு வெளியே கிடக்கிறவள் என்று உங்கள் இரண்டு பேருக்கும் தன்பாட்டில் தோன்றியிருக்கிறது.

அடுத்த நாள் தக்சாயினி பார்க்க வந்தாள். கொட்டிலைக் காட்டி, "இதிலை ஆர் இருக்கிறது?" என்றாள். "இவர்" என்றேன். இவர் வாயைத் திறந்தார். அந்தப் பிள்ளை ஒன்றும் தெரியாதவள்போல, "ஐயா, இல்லையெண்டால் சொல்லுங்கோ. நீங்கள் அம்மாவின்ரை சீதன வீட்டிலை இருந்துகொண்டு அம்மாவைக் கொட்டிலுக்கு அனுப்பினனீங்கள் எண்டு எழுதட்டோ?" என்று கேட்டாள்.  பின்னேரம் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போனார்.

நான் கையெழுத்து வைத்தேன். கைவிடப்பட்டவர் என்ற இடத்தில் வைத்தேன்.  கைநீட்டி நிற்பதைவிட இது பரவாயில்லை என்றுதான் வைத்தேன். அதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

கலா


பிள்ளையார் துணை

திருகோணமலை
10.04.2024

கலாவுக்கு,

புதுவருட வாழ்த்துகள். மச்சாள் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

சண்முகம் எழுதியிருந்தார். கொட்டிலில் நுளம்புக் கடி என்று முறைப்பாடு. நீ செய்தது சரியென்று நான் சொல்லமாட்டேன், ஆனால் நடந்தது நன்மைக்கே. ஆம்பிளை வேறாக இருப்பதுதான் பார்ப்பவர்களுக்கு நம்பும்படி இருக்கும்.

இப்போது மிகக் கவனம் தேவை. உங்கள் ஊரில் பெட்டிசம் போடுவதற்கென்றே பேனை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் கண்டு எழுதிப் போட்டால் அவருடையதும் போகும், உன்னுடையதும் போகும், பொய் சொன்னதாக வழக்கும் வரலாம். ஆகவே உத்தியோகத்தர் வந்து பார்த்து உறுதிப்படுத்துகிற கடைசிப் பரிசோதனை முடியும்வரை எந்தக் காரணம் கொண்டும் வீட்டுப் படி மிதிக்க வேண்டாம் என்று சண்முகத்துக்குக் கண்டிப்பாக எழுதியிருக்கிறேன். எந்தக் காரணம் கொண்டும். நீயும் கூப்பிடாதே.

கொஞ்ச மாதம்தான். பொறுத்துக்கொள்.

அண்ணை


சிவமயம்

பண்டத்தரிப்பு
29.04.2024

அன்புள்ள அண்ணைக்கு,

மச்சாளுக்கும் உங்களுக்கும் புதுவருடம் நல்லபடி பிறந்திருக்கும். நான் சுகம். இந்த முறை உண்மையாகவே சுகம்.

உங்கள் மச்சானின் குசினிக் கூத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். முதல் கிழமை சோறு அடிப்பிடித்தது. இரண்டாம் கிழமை கஞ்சி என்று சொல்லிக் குடித்தார். படிக்குக் கீழே நின்று, "இஞ்சேரும், உப்புக் கிடக்கோ?" என்று கேட்கிறார். "போன கிழமைதானே தந்தனான், அதுக்குள்ளை என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன். முதலில் விளங்காமல் நின்றார். பிறகு விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டு உப்பை வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு நான் தனியே இருந்து வயிறு நோகச் சிரித்தேன்.

வருடப் பிறப்புக்கு மரக்கறியும் பாயசமும் வைத்துப் படியில் கொடுத்தேன். பின்னேரம் ஏனங்களைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார். அண்ணை, இந்த மனிதர் கழுவிய ஏனத்தை நான் இவ்வளவு காலத்தில் இப்போதுதான் கண்டேன். "உமக்கு இவ்வளவு வேலையெண்டு நான் நினைக்கேல்லை" என்றும் ஒரு சொல் சொன்னார்.

எழுத வெட்கமாக இருக்கிறது. கடைசிப் பரிசோதனை கெதியாக முடிந்தால் நல்லது என்று எனக்கும் இருக்கிறது. ஆள் மாறி வருகிறார் போல. கோபம் இருக்கிறது, அது போகாது, ஆனாலும்.

மச்சாளுக்கு என் அன்பு.

கலா


பிள்ளையார் துணை

திருகோணமலை
05.06.2024

கலாவுக்கு,

ஏன் எழுதவில்லை? உன் சித்திரைக் கடிதத்துக்கு நான் போட்ட மறுமொழி கிடைத்ததா? நாங்கள் சுகம்.

சண்முகத்துக்கு ஓய்வூதியம் சரிவந்ததாக அவர் எழுதியிருந்தார். உன்னைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மகளைக் கொண்டு உன் போனுக்கு எடுத்தேன், அடித்துக்கொண்டே கிடக்கிறது. இரண்டு வரி போடு.

அண்ணை


வட்டுக்கோட்டை வீதி, பண்டத்தரிப்பு
16.06.2024

கர்த்தருக்குள் அன்பான ஐயா,

சமாதானம் உண்டாவதாக. நான் உங்கள் தங்கை உதயகலாவின் பக்கத்து வளவில் இருக்கும் பியாட்றிஸ். இளைப்பாறிய ஆசிரியை. நீங்கள் தங்கைக்கு அனுப்பிய கடிதம் மேசையில் பிரிக்காமல் கிடந்தது. விலாசத்தை அதிலிருந்து எடுத்தேன். எழுத வேண்டாம் என்றுதான் உங்கள் தங்கை சொன்னார். நான் கேட்கவில்லை.

மே மாதக் கடைசியில் மகளைப் பார்க்க வட்டுக்கோட்டைக்குப் போயிருந்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபோது உதயகலாவின் முற்றம் கூட்டாமல் கிடந்தது. அந்த முற்றம் கூட்டாமல் கிடந்து நான் கண்டதில்லை. முன் படியில் ஒரு கோப்பையில் கஞ்சி, அதற்குள் இரண்டு காகங்கள். கதவைத் தள்ளினேன். குசினி வாசலில் நிலத்தில் கிடந்தார். உடம்பு நெருப்பு. தண்ணீர்க் குடத்துக்குப் போக எழும்பி விழுந்திருக்கிறார். நெற்றியில் வெடித்த காயம். காய்ச்சல் தொடங்கி மூன்று நாள் என்று பிறகுதான் தெரிந்தது.

கணவர் கொட்டிலில் இருந்தார், ஐயா. சமைத்துக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். வந்து படிக்குக் கீழே நின்றார். "ரீச்சர், நான் உள்ளை வரேலாது. செக்கிங் வரப்போகினம். ஆரும் கண்டு பெட்டிசம் போட்டால் ரெண்டும் போயிடும். நான் கஞ்சி படியிலை வைச்சனான். கூப்பிட்டும் பார்த்தனான். அவ எடுக்கேல்லை" என்றார். கையைப் பிசைந்தார். கண்ணீரும் வந்தது. ஆனால் படி ஏறவில்லை. ஓட்டோக்காரனும் நானும்தான் தூக்கினோம். ஓட்டோவுக்குள் ஏற்றும்போது உங்கள் தங்கைக்கு நினைவு இருந்தது. அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் வைத்து நல்ல வைத்தியம் செய்தார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார். நான் கூட இருக்கிறேன். பதினைந்து வருடம் ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கோபப்படக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவள் நான். அன்றைக்கு அந்தக் கஞ்சிக் கோப்பையைத் தூக்கி அவருடைய கொட்டிலுக்குள் எறிந்தேன். அதற்காக இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கும் உத்தேசமும் இல்லை.

உங்கள் வீட்டாருக்கு என் ஜெபங்கள்.

பியாட்றிஸ் இராசையா


பிள்ளையார் துணை

திருகோணமலை
28.06.2024

அன்புத் தங்கச்சி கலாவுக்கு,

ரீச்சரின் கடிதத்தை மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். மச்சாள் அழுதாள். இப்போது உடம்பு எப்படி? இளநீர் குடி. பப்பாசி இலைச் சாறு நல்லது என்கிறார்கள்.

சண்முகம் இவ்வளவு மடையன் என்று நான் நினைக்கவில்லை. படிப்பில்லாதவன் புத்தி. நன்றாகத் திட்டி எழுதியிருக்கிறேன். ஆனாலும் கலா, அவன் பயந்துவிட்டான். வேண்டுமென்று செய்யவில்லை. கஞ்சி வைத்திருக்கிறான், கூப்பிட்டிருக்கிறான். ஒரு ஆம்பிளை அறுபது வயதில் எங்கே போவான்?

ஓய்வூதியம் வந்துவிட்டது. உன் பக்கம் கடைசிப் பரிசோதனை ஒன்றுதான் மிச்சம். அது முடிந்ததும் அவனை வீட்டுக்குள் எடு. இரண்டும் கையில் இருக்கும். பட்ட கஷ்டத்துக்குப் பலனில்லாமல் போகவிடாதே. அதற்குப் பிறகு இரண்டுபேரும் ஒரு கிழமை இங்கு வந்து நில்லுங்கள். மச்சாளுக்கும் ஆறுதலாக இருக்கும்.

மறுமொழி போடு.

அண்ணை


சிவமயம்

பண்டத்தரிப்பு
22.09.2024

அண்ணைக்கு,

உங்கள் ஆனிக் கடிதம், ஆடிக் கடிதம், ஆவணியில் வந்த இரண்டு, எல்லாம் கிடைத்தன. எல்லாவற்றையும் வாசித்தேன். என்னில்தான் பிழை என்று நீங்கள் எழுதுகிற ஒரு வசனத்தைத் தேடி வாசித்தேன். அது ஒன்றிலும் இல்லை.

நீங்கள் அவரை மடையன் என்று எழுதினீர்கள். அவர் மடையன் இல்லை, சொன்னதைக் கேட்டவர். எந்தக் காரணம் கொண்டும் படி மிதிக்க வேண்டாம் என்று இரண்டு தரம் எழுதியது யார் அண்ணை? என் கடிதத்திலும் எழுதினீர்கள், அவருக்கும் எழுதினீர்கள். ஆஸ்பத்திரியால் வந்த அன்று இவர் படிக்குக் கீழே நின்று, "உன்ரை கொண்ணைதானே சொன்னவர்" என்று அழுதார். அழுகிற மனிதருக்கு நான் என்ன சொல்ல? நீங்கள் சொன்னீர்கள், இவர் நின்றார். நான் நிலத்தில் கிடந்து இவரின் அகப்பைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தாளிக்கிற மணமும் வந்தது. கூப்பிட்டேன். முதல் நாள் பலமாகத்தான் கூப்பிட்டேன். "வரேலாது, பொறும், பொறும்" என்ற குரல் முற்றத்தில் இருந்து வந்தது. என்னை விழுங்க வந்தது காய்ச்சல் இல்லை அண்ணை, அந்தப் "பொறும்"தான்.

எனக்கு இவர் மேல் வெறுப்பு இல்லை என்று எழுதினால் பொய். உங்கள் மேல் இல்லை என்று எழுதினாலும் பொய்.

போன புதன் கடைசிப் பரிசோதனை. காலையில் இவர் முகம் வழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையணையை வெயிலில் காயப் போட்டிருந்தார். "அந்தப் பிள்ளை வந்து போகட்டும். பின்னேரம் நான் வீட்டுக்கு வாறன். எல்லாம் முடிஞ்சுது" என்றார்.  தக்சாயினி வந்தாள். தேத்தண்ணி கொடுத்தேன். அவள் பழைய விபரத்தை வாசித்தாள். "அம்மா, கணவராலை கைவிடப்பட்டவர். அதிலை மாற்றம் ஒண்டும் இல்லைத்தானே?"

இவர் முற்றத்தில் நின்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார். இல்லையென்று சொல், இல்லையென்று சொல் என்று.

"மாற்றம் இருக்கு பிள்ளை" என்றேன். "அவர் என்னைக் கைவிடேல்லை. நான்தான் அவரை விட்டனான். அப்பிடி எழுதும்."

"உனக்கென்ன விசரே!" என்று இவர் கத்தினார். தக்சாயினி பேனையை மேசையில் வைத்தாள். "அம்மா, கைவிடப்பட்டவை எண்டால் அதுக்கு ஒரு வகை இருக்கு. நீங்கள் விட்டனீங்கள் எண்டால் எந்த வகைக்குள்ளை போடுறதெண்டு எனக்குத் தெரியேல்லை. காசு நிக்கக்கூடும்."

"நிக்கட்டும்."

 அந்தக் காசு எனக்கு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்கு முதல் கடிதத்திலேயே எழுதினேன். ஆனால் அதற்காக இந்த மனிதரைத் திரும்ப வீட்டுக்குள் விட்டு, வெளியே வேறு கதை சொல்லி, இன்னொரு காய்ச்சல் வரும்போது படியில் கஞ்சி வைப்பாரா உள்ளே வருவாரா என்று பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஏலாது. தோட்டமும் என் சீதனம்தான். இந்தப் போகம் வெங்காயத்தை நானே நடப்போகிறேன். பியாட்றிஸ் ரீச்சர் தண்ணீர் இறைக்க மெஷின் தருகிறா. சந்தைக்கும் நானே கொண்டுபோவேன். காசு நிற்குமோ வருமோ தெரியாது. தக்சாயினி மேலே கேட்டு எழுதுகிறாளாம். போகும்போது அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள்.

இவர் இரண்டு நாள் கொட்டிலில் இருந்து பார்த்தார். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிவந்தார். அவர்களுக்கும் தேத்தண்ணி கொடுத்து அதையே சொன்னேன். நேற்று சூட்கேசோடு கரவெட்டியில் தமக்கை வீட்டுக்குப் பஸ் ஏறினார். படலையடியில் நின்று, "மாசாமாசம் வாற பென்சனிலை பாதி அனுப்பட்டோ?" என்று கேட்டார். நல்ல மனிதராகத்தான் கேட்டார். வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு குசினிக்குள் போய் இருந்து அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் என்னைக் கல்லென்று நினைக்க வேண்டாம்.

ஒரு வீட்டுக்குப் பென்சனா நிவாரணமா என்று நீங்கள் இரண்டு பேரும் கணக்குப் பார்த்தீர்கள். இரண்டும் கிடைக்கும் வழியையும் கண்டுபிடித்தீர்கள். நான் செத்தால் கொடுப்பனவும் என்னோடு போய்விடும் என்று மட்டும் நீங்கள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவரை உள்ளே அனுப்பியிருப்பீர்கள்.

மச்சாளைச் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள். உப்பைக் குறைக்கட்டும். உங்களை நான் இன்னும் சுகம் கேட்கவில்லை. அந்த ஒரு வசனத்தை எழுதுங்கள், அதற்குப் பிறகு கேட்கிறேன்.

உதயகலா